புறங்கையால் தொட்டவர்

அவர் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். தேநீர்க் குவளையை, வெயிலில் நின்ற ஸ்கூட்டியின் கைபிடியை, பஸ்சின் இருக்கையை, யாரோ நீட்டிய கடிதத்தைக்கூட. விரல்களை மடக்கி, கையைத் திருப்பி, முட்டிகளுக்குப் பின்னால் இருக்கிற அந்த மெல்லிய தோலை ஒரு கணம் வைத்து எடுப்பார். உள்ளங்கையை அவர் நம்புவதில்லை.

"அது வேலை செஞ்சு மரத்துப்போன தோல் அண்ணன். பொய் சொல்லும்."

என்னை அண்ணன் என்றுதான் அழைத்தார். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். அவர் பௌதிகம் படித்த ஆய்வாளர். நான் அவருடைய ஆய்வுகூடத்தில் உதவியாள். குழாய் கழுவுவேன், தராசு துடைப்பேன், அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதுவேன். நாவற்குடாவில் அவருக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். எல்லோரும் அவரை மெடம் என்றார்கள், நானும். பெயர் எழுதினால் இது முறைப்பாடு ஆகிவிடும். எனக்கு அந்தக் கையை எழுதினால் போதும்.

சந்தையில் மீன் வாங்க அவரோடு போவது ஒரு கூத்து. பாரை மீனின் வயிற்றில் புறங்கையை வைப்பார், பிறகு செவுளைத் திறந்து அதற்குள் வைப்பார்.

"என்ன மெடம், நாடி பாக்கிறீங்களா? உசிர் இரிக்கா?" என்று மீன்காரப் பெண் கேட்பாள்.

"உசிர் இல்ல. ஆனா ஐஸ் இப்பதான் போட்டிரிக்கிறீங்க. வெளியில குளிர், செவுளுக்குள்ள இன்னும் சூடு. காலையில இருந்து வெயில்ல கிடந்த மீன் இது."

"அம்மாளாச்சி! இந்த மனிசிக்கு மீன் விக்க ஒண்ணாதுகா!"

மீன்காரி சிரித்துக்கொண்டே வேறு மீனை எடுத்துப் போடுவாள். அவரும் சிரிப்பார். மேலே பூசிய குளிரை நம்பாதவர் என்று நான் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசித் திரிந்த காலம் அது. வீட்டில் பேசினேன். தேநீர்க்கடையில் பேசினேன். என் கவிதை ஒன்றில்கூட அந்தக் கை வந்தது. அதைக் கிழித்து எறிந்து இப்போது நாளாகிறது.

அவருடைய ஆராய்ச்சி, அடித்தால் ஒளிரும் ஒரு தூளைப் பற்றியது. அதைப் பசையில் குழைத்துப் பட்டையாகக் காயவைப்பார். பட்டையில் ஒன்று மோதினால் ஒளி பிறக்கும். மோதல் பலமானால் ஒளி கூடும். அந்த ஒளியை ஒரு சின்ன மின்கண் எண்ணிச் சொன்னால், எவ்வளவு பலமாக மோதியது என்று தெரிந்துவிடும். பாலத்தின் தூணில், படகின் அடியில், எங்கும் ஒட்டலாம். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது, இவ்வளவே என்னைப் பைத்தியமாக்கப் போதுமாக இருந்தது.

முதல் தடவை அதை ஓர் அலுமாரிக்குள் பார்த்தேன். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டு நாங்கள் இருவரும் குந்தியிருந்தோம். அவர் உருக்குக் குண்டு ஒன்றைப் பட்டையின் மேல் விட்டார். டக். ஒரு மஞ்சள் பொறி, பற்றாமல் போன தீக்குச்சியின் பொறி போல, இருந்ததா இல்லையா என்று கண் கேட்பதற்குள் போய்விட்டது. "இன்னொருக்கா" என்றேன் சிறுபிள்ளை மாதிரி. இன்னொருக்கா விட்டார். வலிக்கும்போது வெளிச்சம் போடுகிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். நாற்பது வயதுக்குப் பிறகு அப்படியொன்று தெரியவருவது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் அதே குண்டு, அதே உயரம். பட்டையை முதலில் ஐஸில் வைத்தார், பொறி துள்ளியது. பிறகு சூட்டுத் தட்டில் வைத்தார். மதிய வெயிலில் கிடந்த இரும்பு அளவுக்குச் சூடேறியதும் குண்டை விட்டார். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. மின்கண் மட்டும் ஏதோ ஒரு சின்ன எண்ணைக் காட்டியது.

"குண்டு மெதுவா விழுந்திச்சா மெடம்?"

"அடி அதேதான் அண்ணன். சூடு கூடினா இதுக்கு அதைச் சொல்ற தெம்பு குறைஞ்சிரும்."

உள்ளே அடைபட்டுக் கிடக்கிற ஒளியை, அடி விழுவதற்கு முன்னரே சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுவிடுகிறதாம். மிச்சம் இருக்கிறதுதான் அடிக்குக் கிடைக்கும். அதனால் அவருடைய கொப்பியில் எப்போதும் நான்கு நிரல்கள். எடை, உயரம், ஒளி, சூடு. நான்காவது நிரல்தான் அவருக்குச் சாமி.

ஒருநாள் நான் அதை மறந்துபோனேன். காலையிலிருந்து மூன்று மணிவரை குண்டு போட்டு எழுதிய எண்கள், சூட்டு நிரல் மட்டும் வெறுமை. பக்கத்தைப் பார்த்தார், ஏசவில்லை. அடிமட்டத்தை வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார்.

"சூடு தெரிஞ்சா ஒளியைத் திருத்திப் போடலாம். சூடு தெரியாட்டி இது என்ன அண்ணன்? வெறும் வெளிச்சம்."

அன்று முழுநாள் வேலையும் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒரு ஆளோடு வேலை செய்கிறேனே என்று மனம் நிமிர்ந்தது.

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு நாளும் பின்னேரங்களில் வந்தார். வந்ததும் பேச்சில்லை. நெற்றியில் புறங்கை. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண் சொல்வார். பிறகு தன் கைப்பையில் பேனாவோடு கிடக்கிற வெப்பமானியை எடுத்துச் சரி பார்ப்பார். அரைப் பாகைக்கு மேல் பிழைத்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தன் நெற்றியையும் காட்டினார். "எனக்கும் ஒருக்கா சொல்லுங்க மகள்." அவருக்கும் சொன்னார். என்னைப் பார்க்க வந்திருந்த அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அக்காவையும் அத்தானையும் அவருக்கு அறிமுகம் செய்தவன் நான். அதைத்தான் நான் இன்னும் செமிக்க முடியாமல் இருக்கிறேன்.

எங்கள் வாவியில் பாலம் இல்லாத இடங்களில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற தட்டையான இரும்பு மிதவைக்குப் பாதை என்று பெயர். எழுவான்கரையில் ஏறினால் படுவான்கரையில் இறங்கலாம். அத்தான் பதினெட்டு வருடமாகப் பாதை ஓட்டியவர். விடியலிலிருந்து பத்து மணிவரை அவர். அதன்பிறகு மூன்று மணிவரை இன்னொருவர். மெடத்துக்குப் பட்டையை வெளியில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. "எங்கட அத்தான்ட பாதை இரிக்கே" என்றேன். நாளுக்கு முப்பது தரம் கரையில் முட்டுகிற முன்தட்டு. அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

முன்தட்டின் அடியில் பட்டையும் மின்கண்ணும் அடங்கிய கறுப்புப் பெட்டியைப் பொருத்திப் பூட்டின நாள் அத்தானுக்கு ஒரே பகிடி.

"மெடம், இவன் என்ன மருந்து பூசிறான் என்ர பாதைக்கு?"

"இது முட்டினா எவ்வளவு நோகுதெண்டு சொல்லும் அண்ணன்."

"அது சொல்லிரும். எனக்கு நோகிறத ஆர் சொல்லுவா? இந்தா, பதினெட்டு வருஷமா நாரி உடைஞ்சு போச்சு. நாரியிலயும் ஒண்ட ஒட்டிவிடுங்க." இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

அன்று மதியம் அக்கா இறால் கறியோடு சோறு போட்டாள். மெடம் பழக்கதோஷத்தில் சோற்றின் மேல் புறங்கையைக் காட்டினார். அத்தான் விடவில்லை. "ஏன் மெடம், சோத்துக்குக் காய்ச்சலா?" மெடம் சிரித்ததில் புரையேறி, அக்கா தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு மாதம் நான் அந்தப் பாதையில் போய்வந்தேன். ஒவ்வொரு முட்டலுக்கும் ஒரு வரி. நேரம், ஓட்டியவர், ஒளி, சூடு. ஓட்டியவர் நிரலில் அத்தானின் பெயரை என் கையால், என் எழுத்தால், நூற்றுக்கணக்கான தடவை எழுதினேன். "எல்லாத்தையும் எழுதி வைப்பம், மறுகா பாப்பம்" என்றார் மெடம். காலையில் தட்டு குளிர்ந்திருக்கும், ஒளி எண் பெரிதாக விழும். பன்னிரண்டு மணிக்கு அந்த இரும்பில் வெறுங்காலை வைக்க முடியாது, எண் சுருங்கிவிடும். முட்டல் ஒன்றுதான். நிற்கிற சனத்துக்குத் தெரியும். காலையிலும் மதியத்திலும் ஒரே மாதிரித்தான் எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். நான்காவது நிரலைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

பெட்டி பூட்டி மூன்றாம் மாதம், ஒரு காலையில், முன்தட்டைப் பாதையோடு சேர்த்த இரும்பு ஒட்டு வெடித்துத் தட்டு ஒருபக்கம் சரிந்தது. கீரைக்கட்டோடு நின்ற ஒரு பெண் தண்ணீருக்கும் கரைக்கும் இடையில் விழுந்து கால் முறிந்தாள். ஓட்டிக்கொண்டிருந்தவர் அத்தான். ஒட்டு பழையது, பலமுறை சொல்லியும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் பாதைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். பாதையின் அடியில் ஒரு கருவி இருக்கிறது, அது யார் எப்படி முட்டினார்கள் என்று சொல்லும் என்று கேள்விப்பட்டு, மெடத்தைக் கூப்பிட்டார்கள்.

நான் மகிழ்ந்தேன். கடவுளாகப் பார்த்து அந்தப் பெட்டியை அங்கே வைத்திருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். "பயப்பிடாதகா. மெடம் வாறா. ஒளியும் சூடும் பக்கத்தில பக்கத்தில கிடக்கு. அத்தான் மத்தவரைவிட ஒரு துளியும் கூட இடிக்கல்லையெண்டு வெளிச்சமாத் தெரியும்." விசாரணை நாள் காலையில் மெடம் கொப்பியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அறையில் ஏசி போட்டிருந்தது. வெளியே வெயில் கொதிக்க, உள்ளே என் கைமயிர் சிலிர்த்தது. அத்தான் கல்யாணத்துக்குப் போகிற சேர்ட்டோடு சுவரோரம் நின்றார். மெடம் மேசைக்கு வந்ததும் முதலில் செய்ததை நான் பார்த்தேன். மேசையின் மேல் புறங்கையை வைத்தார். ஒரு கணம். அந்த மேசை எவ்வளவு குளிர் என்று அவருக்குத் தெரியும். என்னைவிட, அந்த அறையில் இருந்த எல்லோரையும்விடத் தெரியும்.

விளக்கை அணைக்கச் சொன்னார். பட்டையைச் சுத்தியலால் தட்டினார். அப்படி ஒரு பொறியை ஆய்வுகூடத்தில்கூட நான் கண்டதில்லை. பெரிய அதிகாரி கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். விளக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

நேரம். ஓட்டியவர். ஒளி.

தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளை. இரண்டாவது தாள் விடுபட்டிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்தேன். அவரிடமும் ஒன்றுதான்.

"காலையில ஓட்டினவர் மற்றவரைவிட ரெண்டு மடங்கு பலமா இடிச்சிரிக்கிறார் போல" என்றார் அதிகாரி.

"இல்ல சேர்" என்றார் அத்தான். "மத்தியானமும் இதே மாதிரித்தான் இடிக்கும். சனத்தக் கேட்டுப்பாருங்க."

"சனம் சொல்றதையா எழுதிறது? மெசின் சொல்லுதே." சிரிப்பு. பிறகு அதிகாரி மெடத்தின் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை; கேட்க வேண்டியதைக் கேட்டார். "மெடம், வெயிலுக்கு இது பிழைச்சுப் போகாதா?"

இதோ சொல்லப்போகிறார்.

"வெயில், மழை, எல்லாத்திலயும் வேலை செய்யும் சேர்."

பொய் இல்லை. வேலை செய்யும்தான்.

நான் எழும்பிவிட்டேன். "மெடம், சூடு... நாலாவது நிரல்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு, "நீங்க இருங்க" என்றார் மெதுவாக.

"இவர் ஆர்?" என்று அதிகாரி கேட்டார்.

"பெட்டி தூக்க வந்தவர் சேர்."

இருந்தேன். நானாக உட்கார்ந்தேனா, யாராவது தோளைப் பிடித்து இருத்தினார்களா, நினைவில்லை. சுவரோரத்தில் அத்தான் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாது. மச்சினன் எதற்காக எழும்பினான், ஏன் இருந்துவிட்டான் என்றுதான் அவர் முகம் கேட்டது.

இரண்டு கிழமையில் அத்தானை நிறுத்தினார்கள். கவனயீனமாக ஓட்டி ஒரு பெண்ணின் காலை முறித்தவர் என்று கடிதத்தில் இருந்தது. அந்தப் பெண் எங்கள் ஊர்க்காரிதான். கடைத்தெருவில் அத்தானைக் கண்டால் அவளுடைய புருஷன் காறித் துப்பினான்.

மெடத்தின் அறைக்குப் போய்க் கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பாதை அலுவலகத்துக்குக் குடுத்த விண்ணப்பத்தில எழுதின நான் அண்ணன், இதுக்கு வேற ஒரு கருவியும் தேவையில்லையெண்டு. அதாலதான் அவங்க எல்லாப் பாதைக்கும் பூட்டச் சம்மதிச்ச. சூட்டுக்கு மாறுமெண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தா எல்லாம் நிண்டிரும். ஆறு வருஷம் அண்ணன், என்ர ஆறு வருஷம். மறுகா நான் திருத்திப் போடுவன். உங்கட அத்தானுக்கு வேற வேலை கிடைக்கும்."

"கொப்பியைத் தாங்க மெடம்."

"மறுகா தாறன்."

மேசையில் எனக்காகத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். நான் முதன்முறையாக அந்தக் குவளையைப் புறங்கையால் தொட்டேன். ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமல் வந்தேன். அடுத்த மாதம் நூலகத்துக்கு இடமாற்றம் கேட்டுப் போய்விட்டேன். கொப்பி வரவில்லை.

அக்கா அவரைச் சபித்தாள், அந்தக் கையைச் சொல்லியே சபித்தாள். அத்தான் வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல் வட்டையில் கூலிக்குப் போகத் தொடங்கினார். பதினெட்டு வருடம் தண்ணீரில் நின்றவருக்கு வயல் பிடிக்க நாள் எடுத்தது. வேலைக்குப் போவதென்றால் அதே பாதையில்தான் அக்கரைக்குப் போகவேண்டும், ஆட்களோடு ஆளாக, ஓரத்தில் நின்று. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

"மெடத்துக்கு அண்டைக்குக் காய்ச்சலாடா?"

பகிடியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன சித்திரையில், உச்சி வெயிலில், அத்தானுக்குச் சாப்பாடு கொண்டு போவதற்காகப் பாதையில் ஏறினேன். நெருக்கம். முன்தட்டின் பக்கம், குடை பிடித்துக்கொண்டு, அவர் நின்றார். முடி நரைத்திருந்தது. இப்போது எல்லாப் பாதைகளிலும் அந்தக் கறுப்புப் பெட்டி பூட்டியிருக்கிறது. அவர் அதைப் பார்க்க வந்தாரா, சும்மா அக்கரைக்குப் போனாரா, தெரியாது. நான் பின்னால் நின்றேன், அவர் என்னைக் காணவில்லை.

படுவான்கரை வந்தது. மதிய ஓட்டி வழக்கம்போலவே கொண்டுபோய் முட்டினார். தடார். ஒரு கூடை உருண்டது, ஒரு குழந்தை அழுதது, மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் ஏசினார். மெடத்தின் குடை சரிந்து, அவர் தடுமாறிப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்தார். சாயும்போதும் அந்தக் கை தானாகத் திரும்பியது. புறங்கைதான் இரும்பில் பட்டது. சுட்டிருக்க வேண்டும்; வெடுக்கென்று இழுத்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"அம்பத்திரண்டு."

யாருக்கும் சொல்லவில்லை. தனக்குத்தான் சொன்னார். ஆனால் நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அந்த எண்ணைக் கேட்க நான்கு வருடம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"எழுதட்டா மெடம்?"

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், என் கையில் தொங்கிய சாப்பாட்டுப் பார்சலைப் பார்த்தார். சனம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. "அண்ணன்" என்று வருமென்று நினைத்தேன். வரவில்லை.

சிவந்து போயிருந்த அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, குடையைக்கூட நிமிர்த்தாமல், வெயிலுக்குள் இறங்கி நடந்தார்.